மால் கட்டிய குடும்பமும் ஜாமீன் நின்ற அரசும்

தமிழில் ‘மால்’ என்றால் மயக்கம். திருமாலுக்கும் அதுவே பெயர். இப்போது பேரப்பிள்ளைகள் வாயில் புழங்கும் ‘மால்’ வேறு. அது ஆங்கிலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் வேரைத் தேடிப் போனால் நம்மைப் போல பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பந்தைச் சுத்தியலால் அடித்து ஓடவிடும் ‘பால்மாய்’ என்ற விளையாட்டு பிரான்சிலிருந்து லண்டனுக்குப் போயிற்று. அதை ஆடிய நீண்ட பாதைக்கு ‘மால்’ என்று பெயர் வந்தது. பிறகு அது மக்கள் உலாவும் சாலையைக் குறித்தது. கடைசியாகக் கூரை போட்ட கடைத்தெருவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

கூரை போட்ட கடைத்தெருவும் பாரீஸுக்குப் புதிதல்ல. 1800 வாக்கிலேயே கண்ணாடிக் கூரைக்கு அடியில் ‘பசாஜ்’ என்ற கடை வீதிகள் அங்கே இருந்தன. அதற்குப் பின் ‘போன் மார்ஷே’ போன்ற பெருங்கடைகள் வந்தன. எமில் ஸொலா 1883-ல் எழுதிய ‘ஓ பொனேர் தே தாம்’ நாவலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெருங்கடை வளர வளர, அதே தெருவில் தலைமுறை தலைமுறையாகத் துணி விற்ற சிறு கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நொடித்துப் போவதுதான் கதை.

அந்தக் கதை அட்லாண்டிக் கடலைத் தாண்டி எங்கே போய் முடிந்தது என்பதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். முடிந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணம் கெர்மெஸியான் என்ற ஒரே குடும்பம். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் ‘ட்ரிப்பிள் ஃபைவ்’. வட அமெரிக்காவின் மிகப் பெரிய மூன்று மால்கள் இந்தக் குடும்பத்தின் கைவண்ணம்.

மாலைப் பற்றி எழுத இந்தக் கிழவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கடை நடத்திய அனுபவம் எனக்குக் கிடையாது. ஆனால் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, கடன், ஈடு, உத்தரவாதம் என்ற சொற்கள் எழுதிய கோப்புகளைப் பல ஆண்டுகள் புரட்டியவன். ஆகவே பளபளக்கும் கட்டடத்தைப் பார்த்தால் என் கண் அதன் விளக்குகளில் நிற்பதில்லை. இதற்குக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று தேடத் தொடங்கிவிடும்.

ரத்தினக் கம்பளத்தில் தொடங்கியது

கெர்மெஸியான் குடும்பம் ஈரான் நாட்டு யூதக் குடும்பம். தெஹ்ரானில் ரத்தினக் கம்பள வியாபாரம். தந்தை ஜேக்கப், மகன்கள் எஸ்கந்தர், நாதெர், ரஃபேல், பஹ்மன் என்று நால்வர். 1950களின் பிற்பகுதியில் கனடாவுக்குப் போனார்கள். முதலில் இறங்கியது பிரெஞ்சு பேசும் மொன்றேயால் நகரம். அங்கேயும் கம்பளம்தான் விற்றார்கள். வட அமெரிக்காவின் பல ஊர்களில் கம்பளக் கடைகள் திறந்தார்கள். 1960களில் மேற்கே ஆல்பர்ட்டா மாகாணத்தின் தலைநகரான எட்மண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எட்மண்டன் ஏன்? காரணம் எண்ணெய். 1947-ல் அந்த ஊருக்கு அருகே லெடூக் என்ற இடத்தில் பெட்ரோலியம் கிடைத்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தி விலை ஏறியபோது ஆல்பர்ட்டாவில் பணம் கொட்டியது. ஊர் பெருத்தது. ஊருக்கு வெளியே இருந்த நிலத்தை வாங்கி வைத்தவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். கம்பளத்தில் சம்பாதித்ததை இந்தக் குடும்பம் நிலத்தில் போட்டது. நம்மூரில் புறவழிச்சாலை வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து மனை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோமே, அதே சாமர்த்தியம்தான்.

கூரைக்கு அடியில் ஒரு கடல்

1981 செப்டம்பர் 15-ஆம் தேதி வெஸ்ட் எட்மண்டன் மால் திறக்கப்பட்டது. அப்போது அந்த ஊரின் மக்கள் தொகை ஐந்தரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை சர்வசாதாரணமாக மைனஸ் 20 பாகைக்குக் கீழே போகும். வெளியே நடமாட முடியாத ஊரில், உள்ளேயே ஒரு ஊரைக் கட்டிவிட்டால் மக்கள் வேறு எங்கே போவார்கள்? இதுதான் கணக்கு.

முதலில் கடைகள் மட்டுமே இருந்தன. 1983-ல் இரண்டாம் கட்டமாகக் கேளிக்கைப் பூங்காவும் பனிச்சறுக்குத் தளமும் சேர்ந்தன. 1985-ல் மூன்றாம் கட்டம். செயற்கை அலை அடிக்கும் நீச்சல் குளம், கொலம்பஸின் ‘சாந்தா மரியா’ கப்பலின் முழு அளவு நகல், நீருக்கடியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் நான்கு நீர்மூழ்கிகள். கனடாவின் கடற்படையிடம் அப்போது இருந்தவை மூன்றே மூன்று நீர்மூழ்கிகள் என்று அந்த நாட்டார் கிண்டல் பேசிக்கொண்டார்கள். ‘யுரோப்பா புல்வார்’ என்று ஐரோப்பியத் தெரு முகப்புகளோடு ஒரு பகுதியும் உண்டு. பாரீஸின் பசாஜ் சுற்றி வளைத்து மீண்டும் பொம்மையாகத் திரும்பியது போல எனக்குத் தோன்றியது. 2004 வரை உலகத்திலேயே பெரிய மால் என்ற பெயர் இதற்கு இருந்தது.

இதற்கு விலையும் இருந்தது. 1986 ஜூன் 14 அன்று ‘மைண்ட்பெண்டர்’ என்ற ராட்டின ரயிலின் கடைசிப் பெட்டி தடம் புரண்டு தூணில் மோதியதில் மூன்று பேர் இறந்தார்கள். வேறு விதமான சேதமும் உண்டு. எட்மண்டனின் பழைய கடைத்தெரு ஜாஸ்பர் அவென்யூ. நகர மையத்துக் கடைகளுக்குப் போன கூட்டம் மாலுக்குத் திரும்பியது. அதே நேரத்தில் எண்ணெய் விலையும் சரிந்தது. நகர மையத்தில் கடைகள் மூடிக் கிடந்தன. ஸொலா பாரீஸில் பார்த்ததை நூறு ஆண்டு கழித்து எட்மண்டன்காரர்கள் பார்த்தார்கள்.

ஜாமீன் என்ற சொல்

இனி என் துறைக்கு வருகிறேன். ஆல்பர்ட்டாவில் ‘ஆல்பர்ட்டா ட்ரெஷரி பிராஞ்சஸ்’ என்று ஒரு வங்கி உண்டு. 1938-ல் பஞ்ச காலத்தில் மாகாண அரசே தொடங்கியது. அதன் முழு உடைமையாளர் மாகாண அரசு. அதாவது அந்த மாகாணத்துக் குடிமக்கள். 1990களின் தொடக்கத்தில் மாலின் கடன் சுமை தாங்கமுடியாமல் போனது. 1994-ல் கடனை மாற்றி அமைத்தார்கள். புதுக் கடனை ஒரு தனியார் வங்கி கொடுத்தது. தொகை சுமார் 35 கோடி கனடா டாலர். அந்தக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது அரசின் வங்கி.

உத்தரவாதம் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நொத்தேர் அலுவலகத்தில் ‘கோசியோன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்களே, அதுதான். கடன் வாங்குகிறவன் ஒருவன், கொடுக்கிறவன் ஒருவன், நடுவில் ஜாமீன் நிற்கிறவன் ஒருவன். கையெழுத்துப் போடும் நாளில் ஜாமீன்காரனுக்குக் காலணா செலவில்லை. அதனால்தான் அந்தக் கையெழுத்து அவ்வளவு சுலபமாக விழுகிறது. அரசாங்கக் கணக்கிலும் அப்படியே. கடன் கொடுத்தால் அன்றைக்கே செலவுப் பக்கத்தில் ஏறும். உத்தரவாதம் கொடுத்தால் அது வேறொரு பதிவேட்டில் தூங்கும். அந்தப் பதிவேட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை, தவணை தவறுகிற நாள் வரும்வரை.

இந்த உத்தரவாதம் எப்படிக் கொடுக்கப்பட்டது, அரசியல் அழுத்தம் இருந்ததா என்று ஆல்பர்ட்டாவில் பெரிய சர்ச்சை கிளம்பியது. 1998-ல் வங்கியே வழக்குப் போட்டது. 2002-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி முடிந்தது. யார் மீதும் தீர்ப்பு எழுதப்படவில்லை. மால் குடும்பத்தின் கையிலேயே இருந்தது.

மைதானம் இருந்த இடத்தில்

எட்மண்டனின் வெற்றியைக் காட்டி, குடும்பம் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் பக்கத்தில் ப்ளூமிங்டன் என்ற ஊர். அங்கே பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஆடிய பெரிய மைதானம் ஒன்று இருந்தது. 1982-ல் அணிகள் மினியாபொலிஸ் நகருக்குள் கூரை போட்ட புது மைதானத்துக்குப் போய்விட்டன. வெறும் நிலமாகக் கிடந்ததை 1985-ல் ப்ளூமிங்டன் நகரத்தின் துறைமுக ஆணையம் வாங்கியது. அந்த இடத்தில் எழுந்ததுதான் மால் ஆஃப் அமெரிக்கா. 1992 ஆகஸ்ட் 11-ல் திறந்தார்கள். நிலம் வாங்கியது பொது ஆணையம். சாலை, வண்டி நிறுத்தும் மாடிகள் போன்றவற்றுக்கும் பொதுப்பணம் உதவியது. இங்கேயும் அரசின் கை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது என்னை அங்கே அழைத்துப் போனான். மூன்று மாடிக் கடைகள், நடுவில் ராட்டினங்கள் சுற்றும் பூங்கா. என்னால் நடக்க முடிந்தது ஒரு மூலை மட்டும்தான். பூங்காவின் தரையில் ஒரு சிறு தகடு பதித்திருக்கிறார்கள். பழைய மைதானத்தில் பேஸ்பால்காரர் நின்று அடித்த இடம் அது. எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு சிவப்பு நாற்காலி தனியே தொங்குகிறது. 1967-ல் ஹார்மன் கில்லப்ரூ என்ற வீரர் அடித்த பந்து 520 அடி தூரம் பறந்து போய் விழுந்த இருக்கை. கீழே நின்று நாற்காலியை அண்ணாந்து பார்க்கிற என் வயதுக்காரர்கள் இரண்டு பேரைக் கண்டேன். சுற்றிலும் பிள்ளைகளின் கூச்சல். அவர்களுக்கு மட்டும் அது இன்னும் மைதானமாக இருந்தது போலும்.

அந்த மாநிலத்தில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. பக்கத்து மாநிலங்களிலிருந்தும் கூட்டம் வரும். ஆண்டுக்குச் சுமார் 4 கோடிப் பேர் வருகிறார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. அங்கிருந்து சில மைல் தூரத்தில், ஈடினா என்ற ஊரில், சவுத்டேல் என்ற மால் இருக்கிறது. 1956-ல் திறந்தது. சுவர்களுக்குள் அடைத்து, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி அமெரிக்காவில் கட்டிய முதல் மால் என்று அதைச் சொல்வார்கள். வரைந்தவர் விக்டர் க்ரூயன், ஹிட்லருக்குத் தப்பி 1938-ல் வியன்னாவிலிருந்து ஓடி வந்த யூதர். வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் சூழ்ந்த ஓர் ஊர் மையமாக அது அமையும் என்று கனவு கண்டார். கடையும் வண்டி நிறுத்தமும் மட்டுமே மிஞ்சியதைப் பார்த்து மனம் வெறுத்துப் பிற்காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிப் போனார். மாலின் தந்தை என்று தன்னை அழைப்பதை அவர் விரும்பவில்லை.

மால் ஆஃப் அமெரிக்காவைத் திட்டமிட்டது கெர்மெஸியான் குடும்பம் என்றாலும் பெரும்பணம் அவர்களுடையதல்ல. பணம் போட்ட முதன்மை நிறுவனம் ஆசிரியர்களின் ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் டிஐஏஏ. ஓய்வூதியக்காரர்களான நாம் இதைச் சற்று நின்று யோசிக்கலாம். எந்த ஊரிலோ பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர்களின் சேமிப்பு, ப்ளூமிங்டனில் ராட்டினமாகச் சுற்றியது. இன்னொரு கூட்டாளி மெல்வின் சைமன் நிறுவனம். 1999-ல் சைமன் நிறுவனம் ஓய்வூதிய நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதியைத் தனியாக வாங்கியபோது பங்காளிச் சண்டை வெடித்தது. எங்களுக்குச் சொல்லாமல் வாங்கினார்கள் என்று கெர்மெஸியான்கள் வழக்குப் போட்டார்கள். 2003-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2006-ல் முழு மாலும் அவர்கள் கைக்கு வந்தது. இதையெல்லாம் பார்க்க ஜேக்கப் இல்லை. அவர் 2000-ல் காலமாகிவிட்டார்.

சதுப்பு நிலத்தில் மூன்றாவது கனவு

இரண்டு மால்கள், இரண்டும் ஓடுகின்றன. அதோடு நிறுத்தியிருக்கலாம். வியாபாரக் குடும்பங்களில் அப்படி நிறுத்தியவர்கள் குறைவு.

நியூ ஜெர்சி மாநிலத்தில், நியூயார்க் நகரத்துக்கு எதிர்க்கரையில், மெடோலாண்ட்ஸ் என்ற சதுப்பு நிலம். அங்கே மாநில அரசின் விளையாட்டு ஆணையத்துக்குச் சொந்தமான இடத்தில் ‘ஸனடூ’ என்ற பெயரில் வேறொரு நிறுவனம் 2004-ல் மால் கட்டத் தொடங்கியது. அந்த நிறுவனம் தள்ளாடி 2006-ல் வேலை கைமாறியது. 2008-ன் பொருளாதார வீழ்ச்சியில் கடன் கொடுத்தவர்கள் விழுந்தார்கள். 2009-ல் வேலையே நின்றது. நெடுஞ்சாலை ஓரத்தில் பல வண்ணப் பட்டைகளோடு வெற்றுக் கட்டடம் நின்றது. மாநிலத்தின் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியே அதன் அழகைப் பழித்துப் பேசினார்.

2011-ல் அதைக் கெர்மெஸியான்கள் கையில் எடுத்தார்கள். ‘அமெரிக்கன் ட்ரீம்’ என்று பெயர் மாற்றினார்கள். உள்ளே செயற்கைப் பனிமலை, நீர்ப் பூங்கா, ராட்டினங்கள். எல்லாம் சரி, பணம்?

2017-ல் பணம் சேர்ந்த விதம் இது. வங்கிகளிடமிருந்து சுமார் 170 கோடி டாலர் கட்டுமானக் கடன். அதற்கு மேல் சுமார் 110 கோடி டாலருக்குப் பொதுக் கடன் பத்திரங்கள். மால் நியூ ஜெர்சியில் இருக்கிறது. பத்திரங்களை வெளியிட்டது விஸ்கான்சின் மாநிலத்தில் பதிவான ஒரு பொது நிதி ஆணையம். பத்திரங்களைத் திருப்பிக் கட்டுவதற்குக் காட்டிய வருமானம் இரண்டு. மால் சொத்து வரிக்குப் பதிலாகக் கட்ட வேண்டிய தொகை ஒன்று. மாலில் வசூலாகும் விற்பனை வரியிலிருந்து மாநிலம் தரும் மானியம் இன்னொன்று. என் பழைய மேலதிகாரி உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கோப்பின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருப்பார்: ‘கூட்டம் வராவிட்டால்?’

வங்கிக் கடனுக்கு ஈடு எது தெரியுமா? எட்மண்டன் மாலிலும் மினசோட்டா மாலிலும் குடும்பத்துக்கு இருந்த சொத்தில் 49 சதவிகிதம். முப்பது நாற்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த மூத்த இரண்டு சொத்துகள், இன்னும் திறக்காத மூன்றாவதற்கு ஈடாக நின்றன. கடைசிப் பிள்ளையின் தொழிலுக்காக மூத்த பிள்ளைகளின் வீட்டை எழுதிக் கொடுப்பது போல.

2019 அக்டோபர் 25-ல் முதல் பகுதி திறந்தது. கடைகளுக்கு 2020 மார்ச்சில் நாள் குறித்திருந்தார்கள். அந்த மார்ச்சில் உலகம் முழுவதும் கதவடைத்தது நமக்கு மறக்குமா? அக்டோபரில்தான் மீண்டும் கதவு திறந்தது. இதற்கிடையில் வருவதாக இருந்த பெரிய கடைகளில் பார்னீஸ், லார்ட் அண்ட் டெய்லர் இரண்டும் திவாலாகிவிட்டன. அந்த மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கடைகளில் துணி முதலியன விற்கக் கூடாது என்ற பழைய சட்டம் வேறு. மினசோட்டா மாலின் 140 கோடி டாலர் அடமானக் கடனுக்கும் அதே ஆண்டு தவணை தவறியது. 2021-ல் கடன் கொடுத்தவர்கள் இரண்டு பழைய மால்களிலும் அந்த 49 சதவிகிதத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால்

இவர்களைத் தூற்றுவதற்காக இதை எழுதவில்லை. அகதியைப் போல வேறு நாட்டுக்கு வந்து, கம்பளம் விற்று, ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு எழுப்பியது சாதாரணக் காரியமல்ல. தங்கள் சொத்தைப் பணயம் வைத்தார்கள், இழந்தார்கள். அந்த அளவுக்கு அவர்கள் நேர்மையாகவே ஆட்டத்தில் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் ‘தனியார் துணிச்சல், குடும்ப உழைப்பு’ என்று மட்டும் இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தால் அது பாதிக் கதை. எட்மண்டனில் மாகாண வங்கியின் ஜாமீன். ப்ளூமிங்டனில் நகர ஆணையத்தின் நிலம். நியூ ஜெர்சியில் மாநில ஆணையத்தின் நிலமும் வரி மானியமும். மூன்று இடத்திலும் கட்டடத்தின் வாசலில் குடும்பத்தின் பெருமை. அடித்தளத்தில் பொதுமக்களின் கையெழுத்து. ஸொலாவின் பெருங்கடைக்காரன்கூட வங்கியாளரிடம்தான் பணத்துக்குப் போய் நின்றான். நகராட்சியின் வரியை ஈடாகக் காட்டும் யோசனை அவனுக்கு வரவில்லை.

குடும்பம் தன் சொத்தை இழந்தால் அது அவர்கள் வீட்டு விஷயம். பத்திரம் வாங்கியவர் இழந்தால், மானியம் கொடுத்த மாநிலம் இழந்தால், அது யார் வீட்டு விஷயம்? கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் தேர்தலில் தோற்றோ ஓய்வு பெற்றோ போயிருப்பார்கள். அதனால்தான் உத்தரவாதப் பதிவேட்டை எந்த ஊரிலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பணியில் இருந்தபோதும் இதையே சொன்னேன். இப்போது சொன்னால் யாரும் குறிப்பாணை அனுப்ப முடியாது.

அமெரிக்கன் ட்ரீம் இன்றும் இயங்குகிறது. பனிமலையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். அதன் பத்திரங்களில் நீண்ட தவணை உடையவை 2050-ல் முதிர்கின்றன. அந்தக் கோப்பை முடித்துக் கட்டி ஆவண அறைக்கு அனுப்பப்போகிற குமாஸ்தா, இன்னேரம் அநேகமாக ஏதோ ஒரு மாலில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருப்பான்.